வெயிலும் கடலும் ஒரு கொலையும்: வெப்பமண்டலத் துப்பறியும் கதைகளைப் படிக்க முழுமையான வழிகாட்டி

1964-ல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் ‘எ கரீபியன் மிஸ்டரி’யில் மேஜர் பால்கிரேவ் என்று ஒருவர் வருகிறார். ஓய்வுபெற்ற ராணுவக்காரர். கேட்க ஆள் கிடைத்தால் போதும், பழைய கதைகளை அவிழ்த்துவிடுவார். செயின்ட் ஆனரே என்ற கற்பனைத் தீவின் ஹோட்டலில், கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள் கையில் பின்னல் வேலையோடு அவருக்கு உம் கொட்டிக்கொண்டிருக்கிறார். காது பாதி, கவனம் கால். ஒரு கொலைகாரனின் படத்தைப் பார்க்கிறீர்களா என்று கேட்டபடி மேஜர் பர்ஸிலிருந்து புகைப்படத்தை எடுக்கிறார். நிமிர்கிறார். எதையோ பார்த்து முகம் மாறுகிறது. படத்தை உள்ளே திணித்துவிட்டு, சத்தமாக வேறு பேச்சுக்குத் தாவுகிறார். மறுநாள் காலை அவர் உயிரோடு இல்லை.

முதல் தடவை படித்தபோது நானும் அந்த மேஜரின் பேச்சை வேகமாகத்தான் புரட்டினேன். கடல், வெயில், அலுப்பூட்டும் ஒரு கிழவர் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. புத்தகம் முடிந்ததும் திரும்பிப் போய்ப் பார்த்தேன். வேண்டியதெல்லாம் அந்தச் சில பக்கங்களிலேயே கிடந்தது. அன்றிலிருந்து இந்த வகைக் கதைகளை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. நாம் சும்மா ரசித்துக்கொண்டே கடந்துபோகும் இடங்களில்தான் இவற்றில் தடயம் இருக்கும். வானிலை வர்ணனை, சாப்பாட்டு மேசை, யாரோ அடிக்கும் ஜோக், அறையைத் துடைக்க வந்தவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

முதல் படி: எது இந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெப்பமண்டலம் என்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 23.5 டிகிரி வரை உள்ள பகுதி. படிக்கிறவர்கள் இந்தக் கோட்டைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. புளோரிடாவின் தெற்கு முனைத் தீவுகள் கணக்குப்படி அதற்குச் சற்று வடக்கே இருக்கின்றன. ஆனால் அங்கே நடக்கும் கதைகளில் வெயிலும் புழுக்கமும் புயலும் அச்சு அசல் வெப்பமண்டலம்தான்.

‘லேசான’ கதை என்றால்? கொலை உண்டு, ரத்தத்தை விவரிப்பது குறைவு. துப்பறிபவர் பெரும்பாலும் தொழில்முறை ஆள் இல்லை, அல்லது துறையில் ஓரங்கட்டப்பட்டவர். ஊர் சின்னது. சந்தேகப் பட்டியல் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரும் அளவில் இருக்கும். கடைசியில் புதிர் முழுசாக அவிழும். இவ்வளவுதான் இலக்கணம்.

இரண்டாம் படி: எந்த அளவு ‘லேசு’ வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அட்டையில் பனைமரம் இருக்கிறது, தலைப்பு விளையாட்டாக இருக்கிறது என்று எடுப்பார்கள். உள்ளே எதிர்பாராத கனம் இருக்கும். லேசு என்பதில் பல தரம் உண்டு.

மிக மென்மையான கரையில் ஓவிடியா யூவின் ஆன்ட்டி லீ கதைகள். சிங்கப்பூரில் உணவகம் நடத்தும் பெரனாக்கன் (மலாய் மண்ணில் வேரூன்றிய சீன வம்சாவளி) விதவை ஆன்ட்டி லீ. யார் எதைச் சாப்பிடுகிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்பதை வைத்தே ஆட்களை எடைபோடுவார். முதல் கதை 2013-ல் வந்தது. வசீம் கானின் சோப்ரா வரிசையும் இந்தப் பக்கம்தான்: மும்பையில் பணி ஓய்வு பெறும் இன்ஸ்பெக்டரிடம் ஒரு குட்டி யானை வந்து சேர்கிறது. 2015-ல் வந்த முதல் புத்தகத்தை, மனசு சோர்ந்திருக்கும் நாளில் எடுங்கள். அந்த யானைக்காகவே பக்கங்கள் ஓடும்.

நடுவில் ஷாமினி பிளின்ட்டின் இன்ஸ்பெக்டர் சிங். சிங்கப்பூர் போலீஸில் இருக்கும் பருத்த உடம்புக்காரர், சாப்பாட்டுப் பிரியர், மேலதிகாரிகளுக்கு ஆகாதவர். அதனால் பெரும்பாலும் வழக்குக்கு ஒரு நாடு என்று விரட்டப்படுகிறார். மலேசியாவில் நடக்கும் முதல் கதை 2009-ல் வந்தது. சிங் சிரிக்க வைப்பார்; ஆனால் பாலி கதையின் பின்னணியில் 2002-ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பு இருக்கிறது, கம்போடியக் கதையின் பின்னணியில் 1970-களில் அந்நாட்டை ஆண்ட க்மெர் ரூஜ் கம்யூனிஸ்டுகளின் காலத்துக் கொலைகள். லேசான நடையில் கனமான வரலாறு. எனக்கு மிகவும் பிடித்த கலவை இதுதான். தெரிந்து எடுத்தால் நல்லது.

காலின் காட்டெரிலின் டாக்டர் சிரியும் அதே ரகம். 1975-ல் லாவோஸில் மன்னராட்சி போய்க் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த கையோடு, 72 வயதில் ஓய்வெடுக்க நினைத்த மருத்துவரை நாட்டின் ஒரே பிரேதப் பரிசோதகராக உட்கார வைக்கிறார்கள். சரியான கருவி இல்லை, மருந்து இல்லை, அனுபவமும் இல்லை. ‘தி கரோனர்ஸ் லஞ்ச்’ 2004-ல் வந்தது. ஆவிகளும் கனவுகளும் வரும். சுத்தமான தர்க்கப் புதிர் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு அது உறுத்தலாம்.

காரமான முனையில் கார்ல் ஹயாசென். ‘மயாமி ஹெரால்ட்’ பத்திரிகையில் பத்தி எழுதியவர். 2013-ல் வந்த ‘பேட் மங்கி’யில் ஒரு சுற்றுலாப் பயணியின் தூண்டிலில் வெட்டுப்பட்ட மனிதக் கை மாட்டுகிறது. சிரிப்பு வயிற்றைப் பிடிக்க வைக்கும். கூடவே கோரமும் வசையும் உண்டு. ஆன்ட்டி லீயை ரசித்தவர்கள் அடுத்து நேராக இதற்குத் தாவினால் அதிர்ந்துபோவார்கள்.

ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டால், நான் ‘எ கரீபியன் மிஸ்டரி’யைத்தான் சொல்வேன். சின்னப் புத்தகம். பெயர்கள் குறைவு. தடயங்களை எப்படி வைப்பது என்பதற்கே பாடம் மாதிரி.

மூன்றாம் படி: வரிசை

பொதுவாக ஒவ்வொரு கதையும் தனித்தே நிற்கும், எங்கே தொடங்கினாலும் பாதகமில்லை. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘எ கரீபியன் மிஸ்டரி’யில் வரும் பணக்காரக் கிழவர் ராஃபியலின் கதை 1971-ல் வந்த ‘நெமசிஸ்’ நாவலில் தொடர்கிறது. அதனால் தீவுக் கதை முதலில். டாக்டர் சிரியையும் முதல் புத்தகத்திலிருந்தே படியுங்கள். அவரைச் சுற்றியிருப்பவர்களின் வாழ்க்கை புத்தகத்துக்குப் புத்தகம் நகர்கிறது, நடுவில் நுழைந்தால் அந்தச் சுவை போய்விடும்.

நான்காம் படி: முதல் 30 பக்கங்களில் இரண்டு பட்டியல்

ஒரு துண்டுச் சீட்டு போதும். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘வந்தவர்கள்’, மறுபக்கம் ‘இருப்பவர்கள்’ என்று எழுதுங்கள். தீவுக் கதை, ரிசார்ட் கதை எல்லாமே இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கின்றன. வந்தவர்கள் தங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சரிபார்க்க அங்கே யாரும் இல்லை. ஊரில் ராணுவக்காரர் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்மை தெரியும். கடற்கரை ஹோட்டலில் தெரியாது. பொய் வேடங்களுக்கு இந்த இடங்கள் இவ்வளவு பொருந்துவது அதனால்தான்.

இருப்பவர்கள் பக்கத்தை இன்னும் அக்கறையாக நிரப்புங்கள். அறை சுத்தம் செய்பவர், படகோட்டி, சமையல்காரர், மதுக்கூடத்தில் பரிமாறுபவர். பணக்கார விருந்தாளிகள் இவர்கள் முன்னால் எதையும் மறைப்பதில்லை. ‘எ கரீபியன் மிஸ்டரி’யில் மேஜரின் அறையில் இருந்த மருந்து பாட்டில் முன்பு அங்கே இல்லை என்பதைக் கவனித்தவர் விக்டோரியா என்ற பணிப்பெண்தான். டாக்டருக்கு அது படவில்லை. ஓவிடியா யூவின் இன்னொரு வரிசை 1936-ஆம் ஆண்டுச் சிங்கப்பூரில், ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்குகிறது. போலியோவால் கால் தாங்கி நடக்கும் சூ லின் என்ற இளம்பெண் ஆங்கிலேய வீட்டுக்கு வேலைக்கு வந்து துப்பறிகிறாள். பழைய கதைகளில் ஓரத்தில் நின்ற பணிப்பெண் இங்கே நடுவுக்கு வந்துவிட்டாள்.

பழைய புத்தகங்களில் உள்ளூர் மக்களைப் பற்றி வரும் சில வரிகள் இன்று படிக்கும்போது குத்தும். அந்த இடங்களை நான் தாண்டிப் போவதில்லை. எழுதியவரின் பார்வை எங்கே குறுகியிருந்தது என்று தெரிந்தால், அதே தீவில் உள்ளவர் எழுதும் கதை ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பதும் புரியும்.

ஐந்தாம் படி: கடிகாரத்தைச் சூரியனோடு ஒத்துப் பாருங்கள்

சாட்சி சொல்லும் நேரங்களைச் சரிபார்ப்பது எல்லாத் துப்பறியும் கதைக்கும் பொது. வெப்பமண்டலக் கதையில் மட்டும் அதற்கு நான்கு சாட்சிகள் கூடுதலாக உண்டு.

முதல் சாட்சி சூரியன். லண்டனில் ஜூன் மாதம் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். வெப்பமண்டலத்தில் பகல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. சூரியன் சாய்வாக இறங்காமல் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். அரை மணிக்குள் இருட்டு. அதனால் ‘எட்டு மணிக்கு மணலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்’ என்று ஒருவர் சொன்னால், பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். பழைய காலக் கதை என்றால் அந்தக் காலத்துக் கடிகாரத்தையும் பாருங்கள்: 1936-ல் சிங்கப்பூரின் அதிகாரபூர்வ நேரம் இன்றைய நேரத்தைவிட 40 நிமிடம் பின்தங்கியிருந்தது. இன்று 7 மணியை ஒட்டி மறையும் சூரியன் அன்றைய கடிகாரத்தில் ஆறேகாலை ஒட்டியே மறைந்திருக்கும்.

இரண்டாவது கடல். கரீபியனில் பெரும்பாலான இடங்களில் ஏற்ற இறக்கத்தின் வித்தியாசம் அரை மீட்டரைத் தாண்டாது. ‘அலையேற்றம் வந்து காலடித் தடம் முழுவதையும் அழித்துவிட்டது’ என்று அங்கே ஒருவர் சொன்னால், எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், வெப்பமண்டலத்துக்குள்ளேயே இருக்கும் புரூமில், கடல் 9, 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். அங்கே அதே வரி முழு உண்மை. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலான கடற்கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம். நேற்று நடந்ததை வைத்து இன்றைய நேரத்தைக் கணக்கிட இந்த 25 நிமிடம் உதவும்.

மூன்றாவது பருவம். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. புயல் வந்தால் படகு நிற்கும், போலீஸ் வர முடியாது, சந்தேக வளையம் மூடிக்கொள்ளும். எழுத்தாளர்களுக்குப் பிடித்த ஏற்பாடு இது. படிக்கிறவர் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எல்லோரும் ஒதுங்கும் செப்டம்பரில் இந்த விருந்தாளி ஏன் இங்கே வந்தார்?

நான்காவது சாட்சி உடல். இறந்த உடலின் சூடு, சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை நோக்கி இறங்கும். உயிரோடு இருக்கையில் 37 டிகிரி. அறை 30 டிகிரியாக இருந்தால் வித்தியாசம் 7 மட்டுமே, உடல் மெல்லத்தான் ஆறும். ஏசி வைத்து 18-க்குக் கொண்டுவந்தால் வித்தியாசம் 19, வேகமாக ஆறும். உடல் விறைப்பது வெயிலில் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் தளர்ந்தும்விடும். ஆகவே ஏசி, மின்விசிறி, ஜன்னல், மின்தடை என்று எந்தச் சொல் வந்தாலும் அது அலங்காரம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சிரித்த இடத்தில் நில்லுங்கள்

நகைச்சுவைதான் தடயத்தை மறைக்க மிகச் சிறந்த இடம். சிரிக்கும்போது நாம் யோசிப்பதில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, நானே கட்டிய ஒரு சின்னக் கதை.

கடற்கரையில் ஒரு விடுதி. முதலாளி காலை 7 மணிக்குத் தன் அறையில் இறந்து கிடக்கிறார். ஜன்னல்கள் திறந்திருக்கின்றன, அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. உடல் நன்றாக ஆறியிருப்பதைப் பார்த்த டாக்டர், முந்தின இரவு 8 மணி வாக்கில் இறந்திருப்பார் என்கிறார். அந்த நேரத்தில் மருமகன் 20 பேர் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். சரி, அவன் தப்பித்தான். அப்புறம் அறையைத் துடைக்கும் பெண்மணி வருகிறார். சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்தைத் துணியால் துடைத்துவிட்டு, “இங்க நடந்ததைப் பார்த்துத் தாத்தாவுக்கே வேர்த்துக்கொட்டிருச்சு போல” என்கிறார். எல்லோருக்கும் அந்தச் சோகத்திலும் லேசாகச் சிரிப்பு வருகிறது. கதை நகர்கிறது.

அந்த வரியில் நில்லுங்கள். படத்தின் கண்ணாடி ஏன் வேர்த்தது? குளிர்ந்த கண்ணாடி மேல் ஈரக்காற்று பட்டால்தான் நீர் கோக்கும். ஐஸ் போட்ட டம்ளர் வெளியே வேர்ப்பதுபோல. ஜன்னல் ராத்திரி முழுக்கத் திறந்திருந்தால் கண்ணாடியும் காற்றும் ஒரே சூட்டில் இருந்திருக்கும், ஒரு துளியும் கோத்திருக்காது. அப்படியென்றால் அறை இரவெல்லாம் ஏசியில் குளிர்ந்திருந்தது. விடிந்த பிறகுதான் யாரோ அதை அணைத்து ஜன்னலைத் திறந்தார்கள். உடல் டாக்டர் நினைத்ததைவிட வேகமாக ஆறியது. சாவு 8 மணிக்கு இல்லை, நள்ளிரவுக்குப் பிறகு. பாட்டுக் கச்சேரி அதற்குள் முடிந்துவிட்டது.

பணியாள், வானிலை, ஜோக் மூன்றும் ஒரே வரியில் இருந்தன. நல்ல எழுத்தாளர்கள் இப்படித்தான் அடுக்குவார்கள். அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: சிரித்த வரிக்கு ஓரத்தில் ஒரு புள்ளி. ஒவ்வொரு நான்கைந்து அத்தியாயத்துக்கும் ஒரு முறை, புள்ளிகளை மட்டும் திரும்பிப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. சாப்பாட்டுக் காட்சிக்கும் இதே புள்ளி: யார் எழுந்து போனார், யார் தட்டில் கை வைக்கவே இல்லை.

ஏழாம் படி: தீவின் மர்ம விஷத்தை நம்பாதீர்கள்

பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் இந்தக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அதில் ஒன்று, அதுவரை யாரும் கண்டறியாத விஷத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது. தூர தேசத்துக் காட்டில் பழங்குடிகளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வேர் என்று சொல்லித் தப்பிப்பது அந்தக் காலத்தில் அவ்வளவு சாதாரணம்.

நேர்மையான கதையில் ஆபத்தான செடி ஆரம்பத்திலேயே, அழகாக, நம் கண்முன் நிற்கும். அரளி பூத்திருக்கும் வேலி. கரீபியன் கடலோரத்தில் வளரும் மான்சினீல் மரம் இன்னும் நல்ல உதாரணம்: பச்சை ஆப்பிள் போலக் காய், இனிய நிழல். ஆனால் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழையில் அதன் கீழே ஒதுங்கினாலே புண்ணாகும். சில தீவுகளில் அதன் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள். அத்தியாயம் 2-ல் சிவப்புப் பட்டை அடித்த மரம் வந்தால் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயத்தில்தான் ஒரு செடியின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்படுகிறீர்கள் என்றால், குறை உங்களிடம் இல்லை.

எட்டாம் படி: எல்லோரையும் கூப்பிடும்போது மூடி வையுங்கள்

துப்பறிபவர் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டும் காட்சி இந்த வகையின் சடங்கு. 2011-ல் பிபிசியில் தொடங்கிய ‘டெத் இன் பாரடைஸ்’ தொடர் இதை வாராவாரம் செய்கிறது. கதைப்படி செயின்ட் மேரி என்ற கற்பனைத் தீவு; படமாக்குவது குவாதலூப் என்ற கரீபியன் தீவில் உள்ள தெஷே என்ற ஊரில். இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம், அந்தத் தீவின் நகரத்துக்குப் பெயர் ஆனரே.

புத்தகத்தில் அந்தக் காட்சி வரும்போது நிறுத்துங்கள். ஒரு இரவு விடுங்கள். சீட்டை எடுத்து மூன்றே வரி எழுதுங்கள்: யார், எப்படி, எந்த வரியிலிருந்து தெரிந்தது. மூன்றாவதுதான் முக்கியம். ‘அவர் முழியே சரியில்லை’ என்பது விடை இல்லை. பக்க எண் வேண்டும். என் ஊகம் பாதிக்கு மேல் தவறாகத்தான் போயிருக்கிறது. ஆனாலும் எழுதி வைத்த புத்தகங்களின் முடிவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எழுதாமல் ஓட்டியவை மறந்துபோயின.

ஒன்பதாம் படி: முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை

கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தை அலமாரியில் வைக்காதீர்கள். அப்படியே முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள், 20 நிமிடம் போதும். குற்றவாளி முதன்முதலில் வாய் திறக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அவர் அங்கே வெயிலைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார், யாருக்காவது நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டிருப்பார். மேஜர் பால்கிரேவ் நிமிர்ந்து பார்க்கும் அந்த நொடியை நான் ஐந்தாறு முறை படித்திருக்கிறேன். வராந்தாவில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று சீட்டில் படம் வரைந்துகூடப் பார்த்தேன். நீங்களும் வரைந்து பாருங்கள். அவர் பார்வை மிஸ் மார்ப்பிளின் வலது தோளைத் தாண்டிப் போகிறது.